காரைக்குடியில் ஜாஸ் கேட்பவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஜாஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைக் கேட்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. கல்யாணப் பந்தியிலும் தேவகோட்டை பஸ்ஸிலும் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இலையில் பணியாரம் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஜாஸா? எப்படி ஆரம்பித்தது?

ஒரு கல்லாப்பெட்டி வாங்கப் போய் ஆரம்பித்தது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு இடிக்கிற வீடுகளின் சாமான்கள்தான் வரும். பர்மாத் தேக்கில் செய்த நிலை ஒரு பக்கம் சாய்த்திருக்கும், பக்கத்தில் எனாமல் தூக்குகள் அடுக்கியிருக்கும். நான் பார்த்த பெட்டிக்குள் ஆறு இசைத்தட்டுகள் கிடந்தன. ஐந்து தமிழ் நாடகப் பாட்டு. ஆறாவது தட்டில் கொலம்பியா லேபிள், பாதி அழிந்த பொன்னெழுத்தில் டெடி வெதர்ஃபோர்ட் என்று ஒரு பெயர். "அது எவனோ வெள்ளைக்காரன் பேண்டு, சும்மா எடுத்துக்கங்க" என்றார் கடைக்கார அண்ணன்.

வெதர்ஃபோர்ட் வெள்ளைக்காரர் இல்லை. சிகாகோவில் பெயர் எடுத்த கறுப்பினப் பியானோக்காரர். 1926-ல் எர்ஸ்கின் டேட் குழுவின் பதிவில், ஜாஸின் மிகப் பெரிய ட்ரம்பெட்காரர்களில் ஒருவரான லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து வாசித்தவர். அதன்பின் கப்பல் ஏறி ஷாங்காய் போனார், பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்தார், கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் குழு நடத்தினார். 1945 ஏப்ரலில் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்துபோனார். வயது 41. ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த கை வாசித்த தட்டு, ஓசியில், காரைக்குடியில்! இதை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வெல போட்டிருக்கணுமே" என்றார்.

பாட்டு அப்போது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆள் யார் என்று தெரிந்த பிறகுதான் இரண்டாம் முறை கேட்டேன்.

கேட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கிறதே?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரும்பாலான பழைய ஜாஸ் பாட்டில் முதலில் ஒரு மெட்டு வரும். 12 அல்லது 32 தாளக் கட்டங்கள் இருக்கும். அந்த மெட்டு முடிந்ததும் அதன் அடியில் இருக்கும் சுரக்கூட்டு வரிசை மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்க, மேலே ஒவ்வொருவராகப் புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பார்கள். கடைசியில் எல்லாரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் நிரவலில் சாகித்ய வரியும் தாளமும் அப்படியே இருக்க, மேலே சங்கதி மாறுகிறதல்லவா, அதற்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிதான், கூடப் பிறந்ததில்லை.

ஒரு வழி சொல்கிறேன். முதல் தடவை மெட்டை மட்டும் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேளுங்கள். அடுத்த தடவை அடியில் தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் பேஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் தடவை ஒன்றும் செய்யாமல் கேளுங்கள்.

பாட்டைக் கேட்டால் போதாதா? வாசித்தவர் பூர்வோத்தரம் எதற்கு?

எங்கள் பக்கம் நகரத்தார் வீட்டில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது, எந்தக் கோயில். ஒன்பது கோயிலில் எது என்று தெரிந்தால்தான் பெண் கொடுக்கலாமா, பங்காளியா என்று தெரியும். நான் அந்தச் சமூகம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஊர்த் தண்ணீரோடு எனக்கும் வந்துவிட்டது. ஒரு தட்டைப் பார்த்தால் யார் வாசித்தது, அவர் யாரிடமிருந்து வந்தவர், பக்கத்தில் யார் என்றுதான் மனம் போகிறது.

லெஸ்டர் யங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்சபோனைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் தூக்கிப் பிடித்து வாசிப்பார். படத்தைப் பார்த்ததும் எனக்குக் காரைக்குடி வீணை சகோதரர்கள் ஞாபகம் வந்தார்கள். அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர், தம்பி சாம்பசிவய்யர் மற்றவர்களைப் போல மடியில் வைத்து. இந்த மாதிரி ஆளின் வாசிப்பு தனியாக இருக்கும் என்று காது முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

யங்கும் பாடகி பில்லி ஹாலிடேயும் 1930-களில் பல தட்டுகளில் சேர்ந்து பதிவு செய்தார்கள். அவர் பாடும் வரிக்குப் பின்னால் இவர் மெல்ல ஒன்று சொல்வார். அவருக்கு லேடி டே என்று இவர் பெயர் வைத்தார், இவரைப் பிரெஸ் என்று அவர் கூப்பிட்டார். இடையில் உறவு விட்டுப்போனது. 1957 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இருவரையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்தார்கள். யங்குக்கு உடம்பு சரியில்லை, பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். அவர் முறை வந்தபோது எழுந்து ஒரே ஒரு சுற்று வாசித்தார். ப்ளூஸ் என்ற பாட்டு வகையில் அது 12 கட்டம்தான். சுரங்களும் மிகக் குறைவு. கேமரா அப்போது ஹாலிடே முகத்துக்குப் போகிறது. அவர் லேசாகத் தலையாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார். 1959 மார்ச்சில் யங் போனார். ஜூலையில் ஹாலிடே போனார்.

இது ஒன்றும் தெரியாமலும் அந்தச் சுற்றைக் கேட்கலாம். நன்றாகத்தான் இருக்கும். தெரிந்து கேட்டபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பழைய பதிவு எல்லாம் தகர டப்பாவில் வாசித்த மாதிரி இருக்கிறதே?

1925-க்கு முந்தியதா என்று பாருங்கள். அதுவரை மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். அந்தக் காற்றழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும். கிங் ஆலிவர் குழு 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் கம்பெனிக்காகப் பதிவு செய்தபோது, டிரம்மர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டித்தான் காலம் காட்டினார். அதில் ட்ரம்பெட் போன்ற கார்னெட் வாத்தியத்தில் இரண்டாவது ஆளாக வாசித்த இளைஞர் ஆம்ஸ்ட்ராங். அவர் ஊதலின் சத்தம் மற்றவர்களை அமுக்கிவிட்டதால் தூரத்தில் தள்ளி நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். ஸ்டுடியோ ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வண்டி போனால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான். அதனால் ஜெனட்காரர்கள் மேல் எனக்கு ஒரு தனி அனுதாபம்.

கரகரப்புக்கு இன்னொரு காரணம் தட்டு செய்த பொருள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தப் பழைய தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. அரக்கோடு கல் தூளைக் கலந்து அழுத்துவார்கள். அந்தத் தூள் எஃகு ஊசியை அரைக்கும், ஊசி திரும்பத் தட்டை அரைக்கும். உலகத்துக்கு அந்த அரக்கு பெருமளவு இந்தியாவிலிருந்துதான் போனது, வங்காளம், சோட்டாநாக்பூர் பக்கத்துப் பூச்சி வைத்த பிசின். போர் வந்து கப்பல் தடைப்பட்டதும் 1942-ல் அமெரிக்காவில் தட்டு உற்பத்திக்குக் கட்டுப்பாடு வந்தது.

ஏன் எல்லாப் பழைய பாட்டும் மூன்று நிமிடத்தில் முடிகிறது?

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். 1948-ல் எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்த பிறகுதான் நீட்டி வாசிக்க இடம் கிடைத்தது.

பதிவு என்பது நடந்ததை அப்படியே பிடித்து வைப்பதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' உலகத்தில் மிக அதிகம் விற்ற ஜாஸ் தட்டுகளில் ஒன்று. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் பதிவு செய்தார்கள். மார்ச் நாளில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும், ஏறக்குறைய கால் சுரம். முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அப்படித்தான் வெளிவந்தன. 1992-ல் இன்னொரு மெஷினில் எடுத்த டேப்பைக் கொண்டு சரிசெய்தார்கள். முப்பத்து மூன்று வருடம் ஆட்கள் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்து, தங்கள் பியானோவில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

பெரிய குழு நடத்திய டியூக் எலிங்டன் கதை இன்னும் வேடிக்கை. 1956 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் அவருடைய சாக்சபோன்காரர் பால் கோன்சால்வ்ஸ் நிறுத்தாமல் 27 சுற்று வாசித்தார். கூட்டம் நாற்காலி மேல் ஏறி ஆடியது. மார்க்கெட் இறங்கிக்கிடந்த எலிங்டனுக்கு அந்த ஒரு ராத்திரியில் மறுவாழ்வு. ஆனால் கோன்சால்வ்ஸ் தப்பான மைக் முன்னால் நின்றுவிட்டார். அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக். தட்டு வெளியிட்ட கொலம்பியா கம்பெனியின் டேப்பில் அவர் எங்கோ கிணற்றுக்குள் வாசிப்பது போல விழுந்திருக்கிறது. போதாததற்கு, அன்று சரியாக வராத சில பகுதிகளை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து, மேலே கைதட்டலை ஒட்டி 'நேரடி நிகழ்ச்சி' என்று விற்றார்கள். வானொலியின் டேப் பிறகு கிடைத்தது. இரண்டையும் பொருத்தி 1999-ல் வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். புதியதில் கோன்சால்வ்ஸ் நமக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். என் வேலையில் இந்த மாதிரி இரண்டு தாளைப் பொருத்திப் பார்ப்பதற்கு ஒத்துப்பார்த்தல் என்று பெயர். மாதக் கடைசியில் செய்வோம். இவர்கள் நாற்பத்து மூன்று வருடம் கழித்துச் செய்தார்கள்.

எந்தத் தட்டில் யார் வாசித்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி ஒரு எண் போடும். நம் வவுச்சர் எண் மாதிரி. அதைத் தேதியோடும் சம்பளக் கணக்கோடும் வைத்துப் பார்த்துப் பேரேடு போடுவதுதான் டிஸ்காகிராஃபி. அதை எழுதியவர்களில் பலர் என்னைப் போல வேலை முடிந்து வந்து உட்காரும் ரசிகர்கள்தான்.

சாக்சபோன்காரர் சார்லி பார்க்கர் 1945 நவம்பர் 26-ல் செய்த 'கோ-கோ' பதிவு பெரிய வழக்கு. குழுவில் ட்ரம்பெட் பையன் மைல்ஸ் டேவிஸ், வயது 19. அந்த வேகம் அவருக்குத் தாங்காது என்று டிசி கில்லஸ்பி ட்ரம்பெட்டை எடுத்தார். பியானோவுக்கும் ஆள் தட்டுப்பாடு, எனவே அவரே ஓடி ஓடிப் பியானோவும் பார்த்துக்கொண்டார். யார் எதை வாசித்தார் என்று பல வருடம் பஞ்சாயத்து நடந்தது.

பார்க்கரைப் பற்றிப் பேசினால் டீன் பெனடெட்டியைச் சொல்லாமல் விட முடியாது. அவரும் சாக்சபோன்காரர்தான். பார்க்கரைக் கேட்டதிலிருந்து, 1947-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிளப்பில் தட்டு வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் ஓடவிடுவார், அடுத்தவர் ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார். மற்றவர்களும் பெரிய ஆட்களே! இந்தத் துண்டுகள் எங்கோ இருக்கின்றன என்று நாற்பது வருடம் வதந்தியாக இருந்து, 1990-ல் வெளிவந்தன. கேட்பதற்கு, கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை வருகிற இடம் மட்டும் வெட்டி வைத்தது போல இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு அவரைப் புரிகிறது.

தொலைந்துபோன பதிவுகள் உண்டா?

நிறைய. நியூ ஆர்லியன்ஸில் ஜாஸுக்கு முதல் ராஜா என்று சொல்லப்படும் பட்டி போல்டன் 1907-ல் மனநோய் விடுதிக்குப் போனவர், 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் ஊதியதில் ஒரு விநாடிகூட நம்மிடம் இல்லை. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது, பெரிய கம்பெனிகள் இறங்கிவர 1944 நவம்பர் ஆனது. பீபாப் என்ற புது வாசிப்பு உருவானதே அந்த இடைவெளியில்தான். எனவே அந்தக் குழந்தை தவழ்ந்ததற்குப் படம் இல்லை, ஓடினதற்குத்தான் இருக்கிறது.

கிடைத்ததும் உண்டு. 1957 நவம்பரில் கார்னகி ஹாலில் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்கும் சாக்சபோன்காரர் ஜான் கோல்ட்ரேனும் வாசித்த டேப், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அலமாரியில் 48 வருடம் இருந்து 2005-ல் அகப்பட்டது. கோல்ட்ரேன் 1963 மார்ச் 6-ல் செய்த ஒரு முழுப் பதிவின் பிரதி, அவருடைய முதல் மனைவி நைமாவின் குடும்பத்தில் பத்திரமாக இருந்தது. 2018-ல் வெளிவந்தது. எனக்கு உடனே இங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஞாபகம் வந்தன. இரண்டாங்கட்டில் எந்தப் பெட்டகத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வீட்டை இடிக்கிறபோது தூணுக்கு விலை பேசுகிற மும்முரத்தில் தட்டுகளைக் குப்பையோடு வாரிவிடுகிறார்கள். அந்தக் காட்சியை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சொன்னால் பொல்லாப்பு.

நம் பக்கத்துக்கும் ஜாஸுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?

இசைத்தட்டுக்கும் நம் ஊருக்கும் இருக்கிறது. காரைக்குடி ஏவி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுப்பதற்கு முன்னால் இசைத்தட்டு வியாபாரி, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தியவர்.

ஜாஸ் என்று கேட்டால், 1958-ல் டேவ் புரூபெக் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்தது. அதன் டிரம்மர் ஜோ மொரெல்லோ சென்னையில் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு வாசித்துப் பார்த்தார். பிள்ளை அவர்கள் இடது கைக்காரர். நம் பக்கத்து ஊர் புதுக்கோட்டையின் மான்பூண்டியா பிள்ளை பரம்பரை. அடுத்த வருடமே புரூபெக் குழு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றது. உடனே "நம்மிடமிருந்து சுட்டது" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பாட்டை எழுதியது சாக்சபோன்காரர் பால் டெஸ்மண்ட். அதே தட்டில் இருக்கும் ஒன்பது எண்ணிக்கைப் பாட்டு இஸ்தான்புல் தெருவில் கேட்டதிலிருந்து வந்தது. பெருமைப்பட பிள்ளை அவர்களின் வாசிப்பே போதும்.

1963-ல் எலிங்டன் குழு வந்தது. கூட வந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் டெல்லியில் ஒரு மைனா கத்துவதைக் கேட்டு, அதையே கிளாரினெட்டுக்கு ஒரு பாட்டாக எழுதிவிட்டார். சார்லி மரியானோ என்ற சாக்சபோன்காரர் மலேசியாவில் நாகசுரத்தைக் கேட்டு மயங்கி, பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து கற்றுக்கொண்டு தன் தட்டுகளில் வாசித்தார். முதலில் கேட்டபோது பல்லைக் கடித்தேன். நம் காதுக்கு அந்தக் கமகம் போதாது. அவர் நம் கச்சேரி வாசிக்கவில்லை, தன் கதையைத்தான் சொல்கிறார் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

தட்டு வாங்கத்தான் வேண்டுமா? போனில் கேட்டால் ஆகாதா?

தாராளமாகக் கேளுங்கள். நானும் பாதி நேரம் போனில்தான் கேட்கிறேன். குறை ஒன்றுதான், யார் வாசிக்கிறார்கள் என்று பல செயலிகளில் ஒழுங்காகப் போடுவதில்லை. தட்டின் அட்டையில் அது இருக்கும். அட்டையையும் முழுக்க நம்பக் கூடாது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆரம்பப் பிரதிகளிலேயே இரண்டாம் பக்கத்துப் பாட்டுப் பெயர்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்று கடைசிவரை சொன்னார். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்று இருக்கிறது.

தட்டில் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சித்தப்பா மகன் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்த ப்ளூ நோட் கம்பெனித் தட்டில் அங்கே மூன்று சின்ன எழுத்துகள், ஆர்.வி.ஜி. என்று. ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். மற்ற நேரத்தில், நியூஜெர்சியில் அப்பா அம்மா வீட்டின் முன்னறையில் ஜாஸ் பதிவு செய்தவர். அந்த அறையில் கோல்ட்ரேனும் மங்க்கும் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அப்பா அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது என் நெடுநாள் யோசனை.

எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு சித்திரையில், கழுவிய எல்.பி. ஒன்றைக் காயட்டும் என்று வளவில் ஆத்தங்குடிக் கல் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வத்தக்குழம்பு முடித்து மோருக்கு வருவதற்குள் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நிழலில் காயவையுங்கள், நிற்க வைத்து அடுக்குங்கள், 78 தட்டை எல்.பி. ஊசியில் போடாதீர்கள்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் வாசித்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கேளுங்கள். துணையில்லாமல் ட்ரம்பெட் மட்டும் வரும் அந்தத் தொடக்கம் பதினைந்து விநாடிகூட இருக்காது. அது உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் ஆறு மாதம் விட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள். அப்புறம் எலிங்டன், அப்புறம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கோல்ட்ரேனின் கடைசி வருடங்களுக்கு முதலிலேயே போகாதீர்கள். வீட்டில் சண்டை வரும்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

மேலே சொன்னதே.

தட்டு இரவல் கிடைக்குமா?

கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து கேட்கலாம். ராமேஸ்வரம் வண்டி போகும்போது மட்டும் ஊசியைத் தூக்கிவிடுவேன்.